இக்காலுயிட்டில் நாலு மாதம்

கனகாலமாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த விடயம் இது. பரீட்சை, பகுதிநேர வேலை, சோம்பல் என்று ஒவ்வொன்றாகச் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டாயிற்று. போன கிழமை வகுப்பில் மானியங்களைப் பற்றி ஒரு மணிநேரம் படிப்பித்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு கீழே இறங்கியது, விலை குறைந்தது, எல்லோரும் குறிப்பெடுத்தோம். எனக்கு அந்த ஒரு மணிநேரமும் ஒரு மனுசியின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று இன்றைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2024ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை நான் இக்காலுயிட்டில் ஒரு கடையில் வேலை செய்தேன். கொமர்ஸ் படிக்கிற பிள்ளைகள் இடையில் ஒரு தவணை எங்காவது போய் வேலை பழக வேண்டும். என் வகுப்பில் பாதிப்பேர் ரொறன்ரோவில் வங்கிகளுக்குப் போனார்கள். எனக்கு வங்கி கிடைக்கவில்லை (நேர்முகத்தில் சொதப்பிய கதை தனிப்பதிவு). நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரில் ஒரு கடைக்கு ஆள் தேவை, தங்க இடமும் தருவார்கள் என்று விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க சனம் இருக்கோ?"

இருக்கிறது. 2021 குடிசனமதிப்பின்படி 7,429 பேர். ஸ்காபரோவில் எங்கள் தெருவில் நிற்கும் அடுக்குமாடிகள் நாலைந்தைச் சேர்த்தால் அவ்வளவு சனம் வந்துவிடும். ஆனால் அது ஒரு தலைநகர். நுனாவுட்டின் பரப்பு ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர். இலங்கையைப்போல முப்பது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய இடத்தில் 2021இல் இருந்தவர்கள் 36,858 பேர், ஊர்கள் 25. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தெரு கிடையாது. தெற்கிலிருந்து வருவதற்கும் தெரு கிடையாது. ஒட்டாவாவிலிருந்து விமானத்தில் மூன்று மணிநேரம், ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். ஊருக்குள்ளே உள்ள தெருக்களில் ஒன்றுக்கு "எங்கும் போகாத தெரு" என்றே பெயர். பகிடியில்லை, பெயர்ப்பலகை இருக்கிறது. கொஞ்சத்தூரம் போய்க் கல்லும் பாசியுமான வெளியில் முடிந்துவிடும்.

விமானம் இறங்கும்போது யன்னலால் பார்த்தேன். மே மாதம், கடல் முழுக்க வெள்ளை. கரை எது, கடல் எது என்று தெரியவில்லை. பனிவண்டிகள் கடலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மரம்கூட இல்லை. எல்லோரும் இதை வடதுருவ ஊர் என்கிறார்கள், ஆனால் கணக்காகப் பார்த்தால் இக்காலுயிட் வடதுருவ வட்டத்துக்குள் இல்லை. 63 பாகைக்கும் 64 பாகைக்கும் இடையில் இருக்கிறது. வட்டம் 66 பாகைக்கு மேலே. என்றாலும் மரம் முளைக்காது. நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்த மண். வீடுகளை நேரே நிலத்தில் கட்டினால் வீட்டுச் சூடு இறங்கி மண் இளகிவிடும் என்று இரும்புத் தூண்களை இறக்கி அதற்கு மேலே கட்டுகிறார்கள். ஊரின் ஒரு பகுதிக்குத்தான் தண்ணீர்க்குழாய். மற்ற வீடுகளுக்கு லொறி வந்து தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகும், இன்னொரு லொறி வந்து கழிவை எடுத்துக்கொண்டு போகும்.

யூன் மாதம் வெளிச்சத்தில்தான் நித்திரை கொள்ளப் பழக வேண்டியிருந்தது. சூரியன் கிட்டத்தட்ட 21 மணிநேரம் மேலே நிற்கும். மிச்ச மூன்று மணிநேரமும் இருட்டில்லை, ஒரு மாதிரி மாலைநேரம்போல இருக்கும். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓடுவார்கள். டிசம்பரில் எல்லாம் மறுபக்கம், நாலு மணிநேரச் சூரியன்தான். அதைப் பார்க்க நான் அங்கே இருக்கவில்லை.

என்னோடு கடையில் வேலை செய்தவர் ஓர் இனுயிட் பெண், ஐம்பது வயதிருக்கும். பெயர் எழுதவில்லை, அவரிடம் கேட்கவுமில்லை. எங்கள் பழக்கத்தில் ஒரு நாள் வாய்தவறி அவரை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இனுக்டிடூட் மொழியில் ஏறத்தாழ அதே சொல்லுக்கு அப்பாவின் சகோதரன் என்று பொருளாம். அதற்குப்பிறகு நான் "சித்தப்பா, அந்தப் பெட்டியை எடுங்கோ" என்கிற அர்த்தத்தில் நாலு மாதமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் :-)

இந்தச் சொற்களைத் துருவிக் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஆங்கிலத்தில் அங்கிள், ஆன்ரி என்று இரண்டே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுகிறார்கள். அவர்கள் மொழியில் அம்மாவின் சகோதரனுக்கு ஒரு சொல், அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல். அம்மாவின் சகோதரி ஒன்று, அப்பாவின் சகோதரி இன்னொன்று. எங்களைப்போலவே. அதுமட்டுமில்லை. அவரோடு நாலு வயதுப் பேரன் ஒருவன் இருந்தான். அவனை அவர் "அத்தாத்தா" என்று கூப்பிடுவார், அப்பா என்று பொருள். செத்துப்போன தன் தகப்பனின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார். பெயர் வந்தால் உறவும் வந்துவிடும், ஆகவே அவன் அவருக்குத் தகப்பன் முறை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு!

எழுத்தும் அப்படித்தான். ஊரில் எல்லாப் பலகையிலும் அவர்களின் எழுத்து இருக்கும். 1840இல் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ மொழிக்கு உருவாக்கியது, பிறகு இனுயிட் மொழிக்கும் வந்தது. "க"வுக்கு ஒரு வடிவம் என்றால் அதையே வேறு பக்கம் திருப்பி எழுதினால் "கி", இன்னொரு பக்கம் திருப்பினால் "கு". தனி மெய்க்குச் சின்னதாக மேலே தூக்கி ஓர் எழுத்து, எங்கள் புள்ளி மாதிரி. இரண்டு கிழமையில் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பொருள் தெரியாது, வாசிப்பேன்.

சரி, கடைக்கு வருகிறேன்.

இக்காலுயிட்டுக்குச் சாமான் வர இரண்டே வழி. ஒன்று விமானம், ஆண்டு முழுக்க. மற்றது கப்பல், பனி உருகியபின் யூலை முதல் ஒக்டோபர் வரை. பால், முட்டை, தோடம்பழம் எல்லாம் விமானத்தில்தான் வர வேண்டும். மா, அரிசி, பம்பேர்ஸ், சவர்க்காரம், கட்டடப் பலகை, வாகனம், டீசல் எல்லாம் கப்பலில். ஊருக்கு மின்சாரமே டீசலில்தான் ஓடுகிறது, அதுவும் கப்பல் வந்து நிரப்பிவிட்டுப் போவதுதான். கப்பல்கள் மொன்றியல் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து புறப்படும். இக்காலுயிட் இருக்கும் குடாவில் கடல் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் 11 மீற்றர்வரை வித்தியாசம் வரும். மூன்று மாடி உயரம்! கடல் வற்றினால் சேற்றுவெளி நெடுந்தூரம் போகும். 2023இல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கும்வரைக்கும் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, கடல் பெருகும் நேரம் பார்த்துப் பெட்டிகளைத் தட்டையான படகுகளில் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெட்டி வந்த மரப்பலகையையும் ஒருவரும் எறிவதில்லை. மரமில்லாத ஊரல்லவா, அதில் கொட்டிலும் நாய்க்கூடும் கட்டுவார்கள்.

விலை எப்படி என்று கேட்பீர்கள். என் வேலையே விலைச்சீட்டு ஒட்டுவதுதான். ரொறன்ரோவில் வாங்குகிற சாமான் சிலது இரட்டை விலை, சிலது மூன்று மடங்கு. முதல் கிழமை கை கூசியது. பிறகு பழகிவிட்டது, அதுதான் இன்னும் மோசம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011 ஏப்ரலில் வடக்குக்கு உணவு மானியத் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் தபால்துறை வழியாக அனுப்பும் செலவுக்கு மானியம் கொடுத்தார்கள், இப்போது கிலோவுக்கு இவ்வளவு என்று நேரே கடைக்காரருக்குக் கொடுக்கிறார்கள், அவர் விலையில் குறைக்க வேண்டும். பற்றுச்சீட்டில் எவ்வளவு குறைந்தது என்று அச்சிட்டும் இருக்கும். நான் தினமும் பார்த்தேன். ஆனால் முழுதாகக் குறைத்தாரா என்று யார் பார்ப்பது? 2012 யூனில் நுனாவுட் சனங்கள் கடைகளுக்கு முன்னால் பலகை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். 2014இல் கனடாவின் கணக்காய்வாளர் நாயகமே, மானியம் முழுமையாக வாங்குபவரைச் சேர்கிறதா என்று அமைச்சு உறுதிப்படுத்தவில்லை என்று அறிக்கை எழுதினார். 2023இல் ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் பார்த்து, ஒரு டொலர் மானியத்தில் விலையில் குறைவது 67 சென்ட்தான் என்று எழுதினார்கள். ஒரே ஒரு கடை உள்ள ஊர்களில் இன்னும் குறைவு. போட்டியில்லாத இடத்தில் அப்படித்தான் இருக்கும் என்று முதலாமாண்டுப் பிள்ளையும் சொல்லும்.

கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒக்டோபரில் கடைசிக் கப்பல் போனால் அடுத்த யூலைவரைக்குமான சாமானை வாங்கிக் கட்டிவைக்க வேண்டும். காசு முடங்கிவிடும். களஞ்சியத்துக்கு டீசலில் சூடு கொடுக்க வேண்டும். அது பொய்யில்லை, அந்தக் களஞ்சியத்தில் நானே நின்றிருக்கிறேன். எங்கள் கடை மானியத்தில் எவ்வளவை வைத்துக்கொண்டது என்று என்னைப்போன்ற ஆளுக்குத் தெரிய வழியில்லை.

நான் சொல்ல வந்த விடயம் மானியம்கூட இல்லை. கப்பலில் சாமான் எடுப்பது கடைக்கு மட்டும் உரியதல்ல, யாரும் எடுக்கலாம். தெற்கில் உள்ள விற்பனையாளருக்குப் பட்டியல் அனுப்பினால் அவர்கள் மரப்பெட்டியில் அடைத்துத் துறைமுகத்தில் சேர்ப்பார்கள். ஒரு வருசத்துக்கான மா, சீனி, ரின் சாமான், பம்பேர்ஸ் எல்லாம் கடையில் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவாக வந்துசேரும். அரசாங்க வேலைக்கென்று தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் சில அப்படித்தான் செய்தன. வீட்டில் ஒரு அறை முழுக்கச் சாமான். என்ன, பட்டியலோடு முழுக்காசும் மே, யூனிலேயே கட்ட வேண்டும், சாமான் வருவது ஓகஸ்டில். கையில் ஒரேயடியாக ஆயிரக்கணக்கில் காசு வேண்டும், வைக்க இடமும் வேண்டும். கிழமைச் சம்பளத்தில் ஓடுகிற, இரண்டு அறையில் எட்டுப்பேர் இருக்கிற வீட்டுக்கு அது எங்கே? அவர்கள் கிழமைக்குக் கிழமை கடையில்தான் வாங்குவார்கள். ஆக, இருக்கிறவன் கப்பல் கூலி கொடுக்கிறான், இல்லாதவன் விமானக் கூலி கொடுக்கிறான். அமேசான் கதையும் இதுதான். பல ஆண்டுகளாக இக்காலுயிட் சனம் இலவச அனுப்புகைச் சந்தா கட்டிப் பம்பேர்ஸ்வரைக்கும் தபாலில் எடுத்திருக்கிறார்கள். அதற்கும் கடனட்டை வேண்டும். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குக் கைமுதல் என்று பெயர், இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும்.

யூன் இரண்டாம் கிழமை. மதியச் சாப்பாட்டு நேரம் அந்த அக்கா ஒரு கடதாசியைக் கொண்டுவந்து காட்டினார். மா, ஓட்ஸ், பால்மா, பேரனுக்குப் பம்பேர்ஸ் (இரவுக்கு மட்டும்), துப்பாக்கித் தோட்டா, தேயிலை. கூட்டிப்போட்டிருந்தார். மகளும் அவருமாகச் சேர்த்ததில் 800 டொலர் குறைகிறது, வெள்ளிக்கிழமை பட்டியல் அனுப்பக் கடைசி நாள். "உன்னிடம் இருந்தால் தா, செப்டெம்பருக்குள் தந்துவிடுகிறேன்" என்றார். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

என்னுடைய கணக்கில் அன்றைக்கு 2,600 டொலருக்கு மேலே இருந்தது. செப்டெம்பரில் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டச் சேர்த்தது. அப்பா பட்ட கடன், அம்மாவின் இரவுவேலை என்று எல்லாம் தலைக்குள் ஓடியது. நான் செப்டெம்பரில் இங்கே இருக்கமாட்டேன், பிறகு யாரிடம் போய்க் கேட்பது என்றும் ஓடியது. "என்னிடம் இல்லை" என்று சொன்னேன். இருக்கிறது, தரப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இல்லை என்று சொன்னேன். அவர் "சரி" என்று கடதாசியை மடித்துப் பொக்கற்றில் வைத்தார். பிறகு இரண்டுபேருமாக முட்டைப்பெட்டிகளுக்கு விலை ஒட்டினோம்.

எங்கள் ஆட்கள் ரொறன்ரோவில் சீட்டுப் பிடித்துத்தான் பாதி வீடு வாங்கியது. மாதம் மாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, தேவைப்படுகிறவர் எடுப்பார். அதில் வளர்ந்த பிள்ளை நான். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அவருடைய குடும்பத்துக்குக் கைமுதல் இல்லாமல் போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. தகப்பன் வேட்டைக்காரர். சீல் இறைச்சியைத் தின்று, பங்கிட்டு, தோலை விற்று அந்தக் காசில் தோட்டாவும் எரிபொருளும் வாங்கியவர். 1983இல் ஐரோப்பாவில் சீல் குட்டித் தோலுக்குத் தடை வந்தது. இனுயிட் குட்டிகளை வேட்டையாடுவதில்லை, ஆனால் சந்தை விழுந்தபோது எல்லாத் தோலுக்கும் சேர்த்துத்தான் விழுந்தது. 2009இல் திரும்பவும் தடை, இந்தமுறை இனுயிட்டுக்கு விலக்கு என்று எழுதி. சந்தை விழுந்தபிறகு விலக்கை வைத்து என்ன செய்வது?

இந்த ஊரின் தொடக்கமே ஒரு முதலீட்டுக் கதைதான். 1576இல் மார்ட்டின் ஃபுரோபிஷர் என்ற ஆங்கிலேயர் சீனாவுக்கு வழி என்று நினைத்து இந்தக் குடாவுக்குள் வந்தார். ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுபோனார். அதில் பொன் இருக்கிறது என்று யாரோ சொல்ல, இலண்டனில் பங்குபோட்டுக் கம்பெனி நடத்தி, 1578இல் 15 கப்பல்களில் வந்து ஆயிரம் தொன்னுக்குமேல் கல் வெட்டிக்கொண்டு போனார்கள். பொன்னில்லை. காசுபோட்ட மைக்கல் லொக் என்ற வணிகர் கடனுக்குச் சிறைக்குப் போனார். அந்தக் கல்லில் கொஞ்சம் இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்ட் என்ற இடத்தில் ஒரு மதிலில் இப்போதும் இருக்கிறது. ஏறத்தாழ முந்நூறு வருசம் கழித்து, 1861இல் சார்ல்ஸ் ஹால் என்ற அமெரிக்கர் வந்தபோது, அந்தக் கப்பல்கள் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டு வந்ததை இனுயிட் முதியவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவைக்காமல், வாயால் மட்டும் கடத்தி.

ஊர் என்று இப்போது இருப்பது 1942இல் அமெரிக்கர் விமானத்தளம் கட்டியபிறகு வந்தது. இடம் பார்த்துக் கொடுத்தவர் நக்காசுக் என்ற இனுயிட் வழிகாட்டி, இன்றைக்கு அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1987வரை ஊருக்கு ஃபுரோபிஷர் பே என்றுதான் பெயர். பிறகுதான் இக்காலுயிட், மீன் நிறைந்த இடம் என்று பொருள். 1995இல் வாக்கெடுப்பில் ரான்கின் இன்லெட்டைத் தோற்கடித்துத் தலைநகரானது, 1999 ஏப்ரல் 1இல் நுனாவுட் தனிப்பிரதேசமானது. சட்டமன்றத்தில் கட்சியே கிடையாது. செங்கோல் நார்வால் திமிங்கிலத்தின் கொம்பில் செய்தது. தலைநகர் என்றாலும் 2021 ஒக்டோபரில் ஊர்த்தண்ணீரில் எரிபொருள் கலந்து இரண்டு மாதம் குழாய்த்தண்ணீர் குடிக்கக்கூடாது என்று இருந்திருக்கிறது. அந்த அக்கா பனிவண்டியில் வாளி கட்டி ஆற்றுக்குப் போனதைச் சொன்னார். எனக்குப் பதுங்குகுழிக் காலத்துக் கிணறுகளைப் பற்றி அம்மம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

ஓகஸ்டில் கப்பல் வந்தது. ஊரே கடற்கரையில்தான். யாருடைய பெட்டி, என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவே சனம் வரும். அவர் பட்டியலைப் பாதியாகக் குறைத்து அனுப்பியிருந்தார். பம்பேர்ஸை வெட்டியிருந்தார். அதைக் கிழமைக்குக் கிழமை எங்கள் கடையில் வாங்கினார், நான் ஒட்டிய விலைக்கு. ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெட்டிய சாமானுக்கு அவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்து முடிப்பார் என்று வந்தது. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

நான் வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பேரனோடு என் அறைக்கு வந்தார். உறைந்த ஆர்க்டிக் சார் மீன் இரண்டு, முழுசாக. காய்ந்தது ஒரு பை. மகன் பிடித்தது. நான் காசை நீட்டினேன். அவர் கையைப் பார்த்தாரே தவிர வாங்கவில்லை. பிடித்த மீனுக்குக் காசு வாங்குவதில்லை என்றார். அவ்வளவுதான். பேரன் என் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்துகொண்டிருந்தான்.

அம்மா ஒரு மீனை வெட்டிக் குழம்பு வைத்தார். காய்ந்ததை எங்கள் கருவாடு மாதிரி பொரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை. அதை அப்படியே தின்ன வேண்டுமாம். "என்ன விலை எடுத்தவை?" என்று கேட்டார். சும்மா தந்தது என்றேன். "அப்ப நீ அவைக்கு என்ன குடுத்தனி?" என்றார்.

2025 மே மாதம் நானே எழுதிக் கேட்டேன், இந்த வருசம் பட்டியல் அனுப்பியாயிற்றா, எவ்வளவு குறைகிறது என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தங்கை வீட்டோடு சேர்ந்து ஒரே பெட்டியாக அனுப்பிவிட்டாராம், இந்தமுறை ஒன்றும் குறையவில்லையாம். பேரன் இனிப் பள்ளிக்கூடம் போகப்போகிறான், பம்பேர்ஸும் தேவையில்லையாம். கடைசியில், போன வருசம் கொண்டுபோன மீன் முடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.